கூட்டம் போடுமுன் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள்: ஓப்பன் ஹார்டுவேர் மாநாடு நடத்த ஒரு சேலத்துக் கையேடு

முதல் வருஷம் ஏற்காட்டில் வைத்தோம். அது தப்பு.

மலை, குளிர், காபித் தோட்டம், இரண்டு நாள் தங்கல், நடுவில் சர்க்யூட் போர்டு பேச்சு என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் சென்னைப் பையன்கள் நாலு பேர் வாந்தியெடுத்து மதியம் வரை படுத்துவிட்டார்கள். சனிக்கிழமை என்பதால் விடுதிக்காரர் அறை வாடகையை இரண்டு மடங்காக்கினார். நவம்பர் மாதம், பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், மின்சாரத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 230 இருக்கவேண்டிய இடத்தில் மல்டிமீட்டரை வைத்தால் 170 வோல்ட். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் 170 வோல்ட்டில் 14 வாட்கூடத் தராது. ஒரு தங்கை ஈயக் கம்பியை அயர்ன் முனையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். கம்பி வளைந்தது, உருகவில்லை.

அடுத்த வருஷம் கீழே சேலத்தில், மார்கழி மாதம், ஒரே நாள் கூட்டமாக வைத்தோம். 130 பேர் சாப்பிட்டார்கள், 40 பேர் கையால் போர்டு செய்து எடுத்துப் போனார்கள். இரண்டு வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன். எனக்குச் சேலம் குகைப் பகுதியில் சின்னதாக ஒரு கடை. விசைத்தறி கன்ட்ரோல் போர்டு, இன்வெர்ட்டர் போர்டு சரிசெய்வது தொழில். மேடை எனக்குப் பழக்கமில்லை. அதனால் மேடையைப் பற்றி இதில் குறைவாகவும் பிளக் பாயின்ட்டைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

யாரைக் கூப்பிடுவது

சில வருஷம் முன்னால் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் ஒருவர் துண்டில் சுற்றி ஒரு போர்டு கொண்டுவந்தார். துணியில் டிசைன் போடும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டை ஓட்டுகிற போர்டு. ஏதோ ஒரு ஐ.சி. (சிப்) கருகியிருக்கிறது என்று வாசனையிலேயே தெரிந்தது. எந்த ஐ.சி. என்று தெரியவில்லை. செய்த கம்பெனி அதன் தலையிலிருந்த நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்திருந்தது. சர்க்யூட் படம் கேட்டால் புது போர்டு வாங்கச் சொன்னார்கள். பதினோரு நாள் தறி நின்றது. கடைசியில் பார்த்தால் அது யூ.எல்.என். 2803. கடையில் 40 ரூபாய்.

ஓப்பன் ஹார்டுவேர் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஆர்டுயினோ என்ற பழகு போர்டை வாங்கி எல்.இ.டி. மினுக்குவதற்கு அந்தப் பெயர் இல்லை. செய்தவர் தன் வடிவமைப்பை எல்லோரும் படிக்க, மாற்ற, பகிர, செய்ய, விற்க விடவேண்டும். அதுவும் திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுக்கவேண்டும். 2011-ல் வந்த திறமூல வன்பொருள் வரையறையின் 1.0 பதிப்பு இதைத்தான் சொல்கிறது. ராஸ்ப்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டர் போர்டுக்கு அப்படி முழுக் கோப்பும் தருவதில்லை, ஆகவே இந்தக் கணக்கில் அது ஓப்பன் ஹார்டுவேர் ஆகாது. முதல் கூட்டத்தில் இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் வாடியது.

ஆகவே கூட்டத்தில் இரண்டு வகை ஆள் இருக்கவேண்டும். போர்டு செய்கிறவர் ஒரு பக்கம், போர்டு கெட்டால் கஷ்டப்படுகிறவர் இன்னொரு பக்கம். முதல் வகையைக் கூப்பிடுவது சுலபம். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கி நாலைந்து கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும், மாணவர்கள் வந்துவிடுவார்கள். இரண்டாம் வகை தாளைப் பார்த்து வராது. தறி மெக்கானிக், மோட்டார் காயில் கட்டுபவர், செல்போன் சர்வீஸ் கடைக்காரர், ஜவ்வரிசி ஆலை எலெக்ட்ரீஷியன், செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்காரர் எல்லோரையும் நேரில் போய்த்தான் அழைக்கவேண்டும்.

வாட்ஸப்பில் அனுப்பினால் கட்டைவிரல் ஒன்று வரும், ஆள் வராது. நாங்கள் பத்திரிகை அடித்தோம். ஓரத்தில் மஞ்சள் தடவி, கையில் கொடுத்து, "நீங்க கண்டிப்பா வரணும்ங்க" என்று சொன்னோம். வீட்டு விசேஷம்போல வந்தார்கள். முதலில் அடித்த பத்திரிகையில் 'மாநாடு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கொண்டலாம்பட்டியில் ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சிங்கம்மா?" என்றார். மறுபடி அடித்தோம்: 'போர்டு செய்வோர், சரிசெய்வோர் சந்திப்பு'. வெளியூர்க்காரர்களிடம் மாநாடு என்றே சொல்லிக்கொள்ளலாம்.

கோப்பு இல்லையா, மேசை இல்லை

காட்சி மேசை கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தோம். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் வடிவமைப்புக் கோப்புகள் பொதுவில் இருக்கவேண்டும். சர்க்யூட் படம், போர்டு வரைபடம், பொருள் பட்டியல், உள்ளே ஓடும் நிரல், ஒரு லைசென்ஸ். பி.டி.எஃப். மட்டும் போதாது. தொழிற்சாலைக்கு அச்சடிக்க அனுப்பும் கெர்பர் கோப்பு மட்டும் போதாது. கெர்பரை வைத்து அதே போர்டை அச்சடிக்கலாம், ஒரு ரெசிஸ்டரை நகர்த்த முடியாது. கிகேட் என்ற போர்டு வரையும் மென்பொருளில் வரைந்திருந்தால் கிகேட் கோப்பே வேண்டும்.

இதில்தான் சண்டை வந்தது. ஒரு கல்லூரி அணி நல்ல சாதனம் ஒன்று வைத்திருந்தது. "ஆய்வுப் பேப்பர் போட்டபிறகு கோப்பு தர்றோம்" என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். கூட இருந்த தம்பிகளுக்கு என்மேல் கோபம், கூட்டம் குறையுமே என்று. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்தவருக்கும் கொடுக்கவேண்டும். பிறகு அது சாதாரணக் கல்லூரிக் கண்காட்சியாகிவிடும். அவை ஊரில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

லைசென்ஸ் என்றதும் பயப்படுகிறார்கள். ஒரு மாதம் முன்னால் மாலை ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2020-ல் வெளியிட்ட ஓப்பன் ஹார்டுவேர் லைசென்ஸ் இரண்டாம் பதிப்பில் மூன்று வகை. எஸ் வகை: யார் மாற்றினாலும், மாற்றிய கோப்பையும் இதேபோலத் திறந்துவைக்கவேண்டும். டபிள்யூ வகை: உன் பகுதியில் செய்த மாற்றத்தைத் திறந்துவை, அதைப் பொருத்தும் பெரிய சாதனத்தை மூடிவைத்துக்கொள். பி வகை: பெயரையும் உரிமக் குறிப்பையும் விட்டுவிடாதே, மற்றபடி உன் இஷ்டம். எங்கள் ஊர்த் தறி போர்டுகளுக்கு நான் எஸ் வகையைத்தான் சொல்வேன். நம்பரைத் தேய்க்கிற கம்பெனி நம் கோப்பையும் எடுத்து மூடிக்கொள்ளக்கூடாதே.

இன்னொரு குழப்பம் பெயர் பற்றியது. வடிவமைப்பைத் தருவதால் பெயரையும் தந்ததாக ஆகாது. ஆர்டுயினோ போர்டைப் பார்த்துச் செய்து விற்கலாம், அதன்மேல் ஆர்டுயினோ என்று அச்சடிக்கக்கூடாது. அது டிரேட்மார்க். சென்னை ரிச்சி தெருக் கடைகளிலிருந்து வாங்கி வந்த பாதிப் போர்டுகளில் இந்தத் தப்பு இருந்ததை மேசையில் வைத்தே காட்டினோம்.

முடிந்தால் ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர் சங்கத்தின் சான்றுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2016 முதல் தருகிறார்கள், கட்டணம் இல்லை. கிடைத்தால் ஐ.என். என்று தொடங்கி ஆறு இலக்கம் உள்ள ஓர் எண் வரும். போர்டில் வெள்ளை எழுத்தில் அச்சடித்துக்கொள்ளலாம். எங்கள் கூட்டத்தில் இதற்காக ஒரு லேப்டாப் தனியாகவே வைத்திருந்தோம்.

தேதியும் இடமும்

கல்யாண மண்டபம்தான் நல்லது. கல்லூரி அரங்கம் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் நாற்காலி தரையோடு திருகியிருக்கும், மேசை போட இடம் இருக்காது. வரவேற்புரை, குத்துவிளக்கு, பொன்னாடை என்று முதல்வர் பேசி முடிக்கவே பதினொன்றரை ஆகும். தறி மெக்கானிக் வாசலிலேயே தயங்கி நிற்பார்.

மண்டபம் முகூர்த்த நாளில் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. ஆடியிலும் மார்கழியிலும் காலியாகக் கிடக்கும், வாடகை பேசலாம். ஆடியைத் தொடாதீர்கள். சேலத்தில் ஆடி என்றால் கோட்டை மாரியம்மன் பண்டிகை. ஊரே அங்கே இருக்கும், உங்கள் தன்னார்வலர்களும் அங்கேதான் இருப்பார்கள். மார்கழி ஞாயிறு உத்தமம். வைகுண்ட ஏகாதசி எந்த நாளில் விழுகிறது, கல்லூரித் தேர்வு எப்போது முடிகிறது என்ற இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூர், கோவைக்காரர்கள் புது பஸ் ஸ்டாண்டில் இறங்குவார்கள், சென்னைக்காரர்கள் சூரமங்கலத்தில் ஜங்ஷனில் இறங்குவார்கள். ஐந்து ரோடு சுற்றுவட்டாரத்தில் பிடித்தால் எல்லோருக்கும் ஒரு ஆட்டோ தூரம்.

கரண்டு

மண்டபம் பார்க்கப் போகும்போது மேடை, பந்தி, கழிப்பறை எல்லாம் அப்புறம். முதலில் மண்டபத்து எலெக்ட்ரீஷியனைத் தேடுங்கள். மேனேஜருக்கு இந்த விவரம் தெரியாது. எலெக்ட்ரீஷியனிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து நாலு கேள்வி கேட்கவேண்டும்.

எந்தச் சுவர் பாயின்ட் எந்த ஃபேஸில் இருக்கிறது? ஒவ்வொரு வரிசைக்கும் எம்.சி.பி. (சுமை மீறினால் தானே அணையும் சுவிட்ச்) எத்தனை ஆம்பியர்? ஈ.பி. போனால் ஜெனரேட்டரில் எந்தெந்தப் பாயின்ட் வரும்? பெரும்பாலான மண்டபத்தில் மேடை விளக்கும் ஃபேனும் மைக்கும்தான் வரும், சுவர் பாயின்ட் வராது. எர்த் நிஜமாகவே இருக்கிறதா? இதை மட்டும் கேட்டு நம்பவேண்டாம், மீட்டர் வைத்துப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 60, 80 என்று காட்டினால் அந்தப் பாயின்ட்டில் லேப்டாப்பும் அயர்னும் சேர்த்துப் போட்டு யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

கணக்கு பெரிய வித்தை இல்லை. 60 வாட் அயர்ன் பன்னிரண்டு என்றால் 720 வாட், மூன்று ஆம்பியர் சொச்சம். எங்கள் மண்டபத்தில் அந்த வரிசைக்கு 10 ஆம்பியர் எம்.சி.பி., தாராளம் என்று நினைத்தோம். பத்தே முக்காலுக்கு டப்பென்று எல்லாம் அணைந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் காபி மாஸ்டர் பால் சூடாக்க 2000 வாட் ஹீட்டரை, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த அதே வரிசைப் பாயின்ட்டில் செருகியிருக்கிறார். 720-உம் 2000-உம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 12 ஆம்பியர். எம்.சி.பி. தன் வேலையைச் சரியாகச் செய்தது. காபி மாஸ்டர் என்னைப் பார்த்து, "ஒரு காபிக்கு இவ்வளவு கணக்காங்கக்கா?" என்றார். அதிலிருந்து எங்கள் விதி: சமையல்காரருக்கு எந்தப் பாயின்ட் என்று நாமே காட்டி, மற்றதில் டேப் ஒட்டிவிடவேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாடகைக்கு எடுத்தால் திறந்து பாருங்கள். எர்த் பின் ஓட்டையாக மட்டும் இருக்கும், உள்ளே கம்பி வந்திருக்காது. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகாதீர்கள். ஒயரை நடைபாதையில் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள், சேலை கட்டி வருகிறவர்கள் தடுக்கி விழாமல் இருக்க. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் உங்கள் துணைமின் நிலையத்துக்கு எப்போது என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அந்த நாளில் சிக்கினால் மாலை வரை ஜெனரேட்டர்தான், டீசல் செலவு நம் தலையில்.

சால்டரிங் மேசை

கூட்டத்தின் உயிர் இதுதான். ஒரு மேசைக்கு நாலு பேர், ஒரு வழிகாட்டி. ஒரு சுற்று 75 நிமிஷம், பன்னிரண்டு அயர்ன். நாலு சுற்று ஓட்டினால் 48 பேர் முடிக்கலாம், நாங்கள் 40-க்குத்தான் கிட் (ஒரு போர்டுக்கான உதிரிப் பாக்கெட்) வைத்திருந்தோம். 63-க்கு 37 தகரமும் ஈயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகும். அயர்னை 330, 340-ல் வையுங்கள். புதிதாய்ப் பழகுகிறவர்கள் ஈயமில்லாக் கம்பியோடு போராடினால் மனம் விட்டுப்போகும். ஈயம் என்றால் அதற்குரிய ஒழுங்கும் வேண்டும். வரும் புகை கம்பிக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் என்ற பசையின் புகை, அது மூச்சுக்கு ஆகாது, மேசைக்கு ஒரு சின்ன ஃபேன் வெளிப்பக்கம் இழுக்கும்படி வையுங்கள். ஈயம் கையில் ஒட்டி வாய்க்குள் போவதுதான் ஆபத்து.

சேலத்தில் அந்த ஆபத்துக்குப் பெயர் தட்டுவடை செட். நாலு மணிக்குப் பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்ட செட் வந்து இறங்கினால், ஈயக் கம்பி பிடித்த கையோடு ஆளாளுக்கு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். முதல் வருஷம் இதைப் பார்த்து எனக்கு நெஞ்சு பதறியது. இரண்டாம் வருஷம் தட்டுவடைத் தட்டை வாஷ்பேசினுக்கு அந்தப்பக்கம் வைத்தோம். சோப்புப் போட்டுக் கழுவாமல் அங்கே போகவே முடியாது. எழுதி ஒட்டிய அறிவிப்பைவிட அது வேலை செய்தது.

கிட் எளிமையாக இருக்கட்டும். எங்களுடையது மழை எச்சரிக்கைப் போர்டு. ஜவ்வரிசி ஆலைக் களத்தில் காயப்போட்டது ஒரு திடீர் மழையில் வீணாகும். தூறல் விழுந்ததும் பஸ்ஸர் அடித்தால் தார்ப்பாய் போட்டுவிடலாம். போர்டிலேயே சீப்புப் பல்போல இரண்டு செம்புத் தடம், ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பஸ்ஸர், ஐந்தாறு ரெசிஸ்டர். மொத்தம் பத்துப் பன்னிரண்டு உருப்படி, நிரல் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பே கிடையாது. மாணவர்கள் "இவ்வளவுதானா?" என்றார்கள். ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஆலை எலெக்ட்ரீஷியன் மூன்று கிட் கேட்டார். அந்தச் செம்புத் தடத்தில் நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு மழைக்காலத்தில் அரித்துப்போகும் என்றும் அவரே சொன்னார். அடுத்த பதிப்பில் தடத்துக்குத் தங்கமுலாம் பூசச் சொல்லியிருக்கிறோம். கோப்பு திறந்திருந்ததால் திருத்தத்தை அங்கேயே, அவர் கண்முன்னே செய்ய முடிந்தது.

போர்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்னால் அச்சடிக்கக் கொடுங்கள். வெளிநாட்டில் கொடுத்தால் மலிவு, சுங்கத்தில் மாட்டினால் தேதி போய்விடும். உதிரிப் பொருளுக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு ஒரு நாள் வேலை. காலையில் பஸ் ஏறினால் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். எல்லாவற்றிலும் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், டிரான்சிஸ்டரில் இருபது. பாக்கெட் போடும் வேலையை முந்தின வாரம் யார் வீட்டுத் திண்ணையிலாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிட்டில் ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போனாலும் அந்த ஆள் முக்கால் மணி நேரம் சும்மா உட்காருவார்.

வழிகாட்டிகளை மாணவர்களிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஓர் அக்கா வேடிக்கை பார்க்க வந்திருந்தார். தட்டார் மொழியில் பொடி வைத்து ஊதுவது என்பது இதே பற்றவைப்புதான், வெள்ளிக்குச் சூடு அதிகம், அவ்வளவே. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாமி, சூட்டை ஈயக் கம்பிக்குக் காட்டாதே, உருப்படியோட காலுக்குக் காட்டு, தானா ஓடும்" என்று ஒரு பையனிடம் சொன்னார். எட்டுப் பக்கத்தில் நாங்கள் அச்சடித்துக் கொடுத்திருந்த செய்முறையின் சாரம் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. மதியத்துக்குமேல் அவருக்கு ஒரு மேசையையே கொடுத்துவிட்டோம்.

லித்தியம் செல் கொண்டுவருகிறவர்கள் இருப்பார்கள். 18650 செல்லைச் சட்டைப்பையில் சாவியோடு போட்டு வந்த ஒருவரைப் பார்த்தேன். ஒரு வாளி மணல் மூலையில் இருக்கட்டும். செல்லில் நேரடியாகச் சால்டர் வைக்க யாரையும் விடாதீர்கள்.

கேபிளும் வைஃபையும்

யூ.எஸ்.பி. கேபிளில் இரண்டு ஜாதி. ஒன்றில் நாலு கம்பி, இன்னொன்றில் இரண்டே கம்பி. இரண்டு கம்பி கேபிள் சார்ஜ் மட்டும் போடும், நிரல் ஏற்றாது, வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முதல் வருஷம் பயிற்சி வகுப்பில் முப்பது பேரில் பதினோரு பேர் கேபிள் இந்த ரகம். ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரிலுள்ள டிரைவர் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது வாசலிலேயே கேபிளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை நூல் கட்டி அனுப்புகிறோம்.

மலிவுப் போர்டுகளில் யூ.எஸ்.பி. வழியாகக் கம்ப்யூட்டரோடு பேச சி.எச். 340 சிப் இருக்கும். உபுண்டு லினக்ஸ் 22.04 வைத்திருப்பவர்களுக்குப் போர்டு தெரிந்து உடனே மறைந்துபோகும். பிரெய்ல் கருவிக்கான பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற நிரல் அதைத் தன் சாதனம் என்று நினைத்துப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர் அதை நீக்கினால் தீர்ந்தது. போர்டோடு பேச அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்க்க மறக்கவேண்டாம்.

மண்டபத்து வைஃபையை நம்பாதீர்கள். வைஃபை உள்ள இ.எஸ்.பி. 32 போர்டுக்கான மென்பொருள் தொகுப்பே நூற்றுக்கணக்கான எம்.பி. வரும், முப்பது பேர் ஒரே நேரத்தில் இறக்கினால் கதை முடிந்தது. கிகேட், ஆர்டுயினோ மென்பொருள், டிரைவர் எல்லாவற்றையும் பத்து பென்டிரைவில் போட்டுச் சுற்றுக்கு விடுங்கள். மலிவான பழைய தீர்வு, ஆனால் தோற்கவே தோற்காது.

பேச்சு

குறைத்துக்கொள்ளுங்கள். காலை மூன்று, மாலை இரண்டு, ஒவ்வொன்றும் 20 நிமிஷம், தமிழில். ரெசிஸ்டரை மின்தடை என்றுதான் சொல்லவேண்டும் என்று யாரையும் படுத்தாதீர்கள், வாக்கியம் தமிழாக இருந்தால் போதும். ஐ.ஐ.டி. மெட்ராஸின் திறமூல சக்தி பிராசசர் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் அருமை. ஆனால் எங்கள் கூட்டத்தில் அதிகம் கைதட்டு வாங்கியது, கெட்டுப்போன போர்டில் எங்கே முதலில் மீட்டர் வைப்பது என்று பேசிய தறி மெக்கானிக் அண்ணன்தான். ஸ்லைடு ஒன்றும் இல்லை, போர்டைக் கேமராவுக்குக் கீழே வைத்துக் காட்டினார். ஒரு பழைய செல்போனை ஸ்டாண்டில் மாட்டி ப்ரொஜெக்டரில் இணைத்தால் அந்த ஏற்பாடு வந்துவிடும்.

ஒரு மேசையில் எக்ஸ்ப்-ஐஸ் வையுங்கள். டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் செய்து திறந்துவிட்ட கையடக்க ஆய்வகம் அது. பல கல்லூரி இயற்பியல் துறை அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும், ஒருநாள் இரவல் கேட்டால் தருவார்கள். பள்ளிப் பிள்ளைகள் அந்த மேசையைவிட்டு நகரவே மாட்டார்கள்.

காசு

இலவசம் என்றால் பதிந்தவர்களில் பாதி வரமாட்டார்கள், சாப்பாடு மீந்துபோகும். எங்கள் கட்டணம் 150 ரூபாய். 140 பேர் கட்டியதில் 21,000. கிட் 40, ஒன்று 300 வீதம் 12,000. உள்ளூர்க் கடைக்காரர் மூன்று பேர் 8,000 வீதம் 24,000. ஆக வரவு 57,000. செலவு: மண்டபம் 18,000, மதியச் சாப்பாடு 130 பேருக்கு 14,300, கிட் பொருள் 10,400, காபியும் தட்டுவடையும் 5,200, அச்சு 4,000, டீசல் 3,000, வெளியூர்ப் பேச்சாளர் பஸ் செலவு 3,500. கூட்டினால் 58,400. கையைக் கடித்தது 1,400. நாங்கள் ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். இந்தக் கணக்கை அன்று மாலையே ஒரு சார்ட்டில் எழுதி வாசலில் ஒட்டினோம். சர்க்யூட்டைத் திற என்று ஊரைக் கேட்டுவிட்டு வரவு செலவை மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

பணம் தருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: பேனரில் பெயர் உண்டு, மேடையில் பேச்சு கிடையாது. ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

மறுநாள் மலை

ஏற்காட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்த மறுநாள், மீதமிருக்கும் பதினைந்து பேரோடு வேனில் போங்கள். திங்கட்கிழமையில் மலையில் நெரிசல் இருக்காது. கோடை விழா சமயத்தைத் தவிருங்கள். அப்போது ஏறுவது ஒரு பாதை, இறங்குவது குப்பனூர் பாதை என்று மாற்றிவிடுவார்கள், நேரம் எல்லாம் வண்டியிலேயே போகும். வளைவுக்கு முன்னால் காலைச் சாப்பாட்டைக் கொஞ்சமாக முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கையில் இரண்டு லோரா போர்டு எடுத்துப் போகவேண்டும், செல்போன் டவர் இல்லாமல் தொலைதூரம் செய்தி அனுப்பும் ரேடியோ போர்டு அது. மெஷ்டாஸ்டிக் என்ற திறமூல நிரல் ஏற்றியது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், போர்டில் பிராந்தியம் இந்தியா என்று அமைத்துக்கொள்ளுங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் போர்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்துவிடாதீர்கள், எங்களில் ஒருவர் வாங்கி வந்தார். ஆன்டெனாவை மாட்டிய பிறகுதான் பவர் கொடுக்கவேண்டும். மாட்டாமல் அனுப்பினால் போர்டு வெந்துபோகும்.

ஒரு போர்டைக் கீழே என் கடை மொட்டைமாடியில் அண்ணன் மகன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்னொன்றோடு நாங்கள் மலை விளிம்பில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்றோம். தெளிந்த நாளில் அங்கிருந்து சேலம் விரித்துப் போட்டதுபோலத் தெரியும். அன்று பனி மூடிவிட்டது, கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைதான். 866 மெகாஹெர்ட்ஸுக்குப் பனி ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிக்கொண்டே 'தெரியுதா?' என்று தட்டி அனுப்பினேன். ஏழெட்டு விநாடி கழித்துப் போர்டின் சின்னத் திரையில் பதில் வந்தது: 'தெரியுது அத்தை. மண்டபத்துக்காரர் வந்திருக்காரு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு குறையுதாம்.'